மாணவர் குழுவும் கிராம சபையும்

நமது கிராமங்களுக்கு வெளியார் வருவது புதிதன்று. கணக்கெடுக்க வருவோர், கடன் கொடுக்க வருவோர், விதை விற்க வருவோர், வாக்குக் கேட்க வருவோர் எனப் பலரையும் நம் ஊர்ச் சாவடிகள் கண்டிருக்கின்றன. இவர்களோடு கல்லூரி மாணவர்களும் இப்போது குழுக் குழுவாக வருகின்றனர். கையில் குறிப்பேட்டுடன் வீடு வீடாகச் செல்கின்றனர். தெருவில் கோலப்பொடியால் ஊரின் படம் வரைகின்றனர். வயலில் இறங்கி விதை நேர்த்தி செய்து காட்டுகின்றனர். சில வாரங்கள் தங்கியபின் விடைபெற்றுச் செல்கின்றனர். அவர்கள் எழுதிய அறிக்கை கல்லூரியைச் சேர்கிறது. அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கிறது. அவர்களுக்குத் தம் வேலை நேரத்தை ஒதுக்கி, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொன்ன குடியானவருக்குக் கிடைத்தது என்ன?

இக்கேள்விக்கு நல்ல விடை கிடைக்க வேண்டுமானால், கல்லூரியை மட்டும் எதிர்பார்த்திருப்பது போதாது. கிராமத்தாரும் பஞ்சாயத்து அங்கத்தினரும் தம் பங்கைச் செய்தாக வேண்டும். மாணவர் குழுவைப் பார்வையாளராக எண்ணாமல், ஊர் தன் வேலை ஒன்றை ஒப்படைத்த பணியாளராகக் கருத வேண்டும். ஒப்படைத்த வேலை எந்த அளவில் நடந்திருக்கிறது என்பதை, அது முடியுமுன்பே, ஊரார் முன்னிலையில் வாயால் சொல்லும்படி கேட்க வேண்டும். இதனை எவ்வாறு செய்வது என்பதைத் திருவேங்கடம் வட்டாரத்தை மனத்திற் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மாணவர் கிராமத்துக்கு வந்த வரலாறு

கல்வி கிராமத்தோடு இணைய வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் நெடுநாளாக இருந்து வருவது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் கமிஷன், கிராமியப் பல்கலைக்கழகங்கள் வேண்டுமென்று பரிந்துரைத்தது. திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டிக்கு அருகில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் 1947இல் காந்திகிராமத்தை நிறுவினர். அங்கே 1956இல் கிராமியக் கல்வி நிலையம் தோன்றியது. 1976இல் அது பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மாணவர்கள் கிராமத்திற் சென்று தங்கி, மக்களோடு கலந்து பழகிக் கற்பதை அந்நிலையம் தன் கல்விமுறையின் ஓர் அங்கமாகவே வைத்திருக்கிறது.

பிற கல்லூரிகளுக்கும் இவ்வழி படிப்படியாகத் திறந்தது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. வேளாண்மை மாணவரைப் பொறுத்தவரை, ரந்தாவா குழு 1992இல் செய்த பரிந்துரை முக்கியமானது. பட்டப் படிப்பின் இறுதியாண்டில் மாணவர்கள் கிராமத்தில் தங்கிக் குடியானவரோடு உழைத்துக் கற்க வேண்டும் என்று அது கூறியது. இதுவே கிராம வேளாண்மைப் பணி அனுபவத் திட்டம். 2015 ஜூலை 25ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய ‘ஸ்டூடண்ட் ரெடி’ என்னும் திட்டத்தில் இதுவும் ஒரு பகுதியாயிற்று. பொறியியல், கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு 2014 நவம்பர் 11ஆம் நாள் தொடங்கிய ‘உன்னத் பாரத் அபியான்’ வழி காட்டுகிறது. அதன்படி ஒரு கல்வி நிறுவனம் ஐந்து கிராமங்களைத் தேர்ந்து, அவற்றின் தேவைகளை ஆராய்ந்து உதவ வேண்டும்.

ஆக, மாணவர் நம் ஊருக்கு வருவது யாரோ ஒருவர் விருப்பத்தால் நிகழ்வதன்று. அது அவர்களுடைய படிப்பில் விதிக்கப்பட்ட ஒரு கடமை. இதனை அறிந்த கிராமம் கூச்சமின்றித் தன் தேவையைக் கேட்கலாம்.

இருபது வாரங்களில் ஒரு குறை

இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாவது டீன்கள் குழு இத்திட்டத்துக்கு 20 வாரங்களை வகுத்தது. பொதுப் பயிற்சிக்கு 1 வாரம். கிராமத்தில் பணி செய்ய 8 வாரங்கள். ஆராய்ச்சி நிலையம் அல்லது வேளாண்மை அறிவியல் நிலையத்தில் 5 வாரங்கள். பயிர் மருத்துவ நிலையப் பணிக்கு 2 வாரங்கள். வேளாண்மைத் தொழிற்சாலையில் 3 வாரங்கள். அறிக்கை எழுதி, அதனை எடுத்துரைத்து, மதிப்பீடு பெற 1 வாரம். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இதிற் சிறு மாறுதல்கள் இருக்கக்கூடும். பொதுவான அமைப்பு இதுவே.

இந்த வரிசையைச் சற்றே உற்றுநோக்குவோம். மாணவர் கிராமத்தில் இருப்பது 8 வாரங்கள். தாம் கண்டதை எடுத்துரைப்பதோ கடைசி வாரத்தில். அப்போது அவர்கள் கிராமத்தை விட்டுச் சென்று பல வாரங்கள் ஆகியிருக்கும். கேட்பவர் ஆசிரியர், குடியானவர் அங்கே இல்லை. தவறாகப் புரிந்துகொண்ட செய்தி ஒன்று அறிக்கையில் இருந்தாலும், “தம்பி, எங்கள் ஊரில் அப்படி இல்லையே” என்று சொல்ல ஆளில்லை. சரியான செய்தியாக இருந்தால், அதைக் கேட்டு அடுத்த பருவத்தில் பயனடைய வேண்டியவரும் அங்கில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் வேலையைக் கிராமமே மேற்கொள்ளலாம். அதற்குப் புதிய சட்டமோ பெரும் பணமோ வேண்டியதில்லை. ஒரு பந்தலும், சில நாற்காலிகளும், முன்கூட்டியே குறித்த ஒரு நாளும் போதும்.

திருவேங்கடம் வட்டாரத்தின் நிலை

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவாயிற்று. அதன் வட்டங்களுள் ஒன்று திருவேங்கடம். முன்பு சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்திருந்த கரிசற் பூமி இது. மேற்கே குற்றாலச் சாரலும் ஆற்றுப் பாசனமும் உள்ள ஊர்களைப் போல இவ்வட்டாரத்தை எண்ணிவிட முடியாது. இங்கே குடியானவர் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவர். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, மார்கழி கடந்து அறுவடை காண்பவர். மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, சோளம், கம்பு முதலியவை அவர்தம் பயிர்கள். கரிசல் மண் மழை பெய்தால் காலைப் பிடிக்கும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பத்து நாள் பிந்தி விதைத்தவருக்கும் முந்தி விதைத்தவருக்கும் விளைச்சலில் பெரும் வேற்றுமை ஏற்படும்.

இத்தகைய நிலத்தை ஆராய்வதற்கென்றே கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கிய அரசு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. ஆகவே கற்றோர் தொலைவில் இல்லை. ஆனால் கல்லூரிப் பாடம் பொதுவானது. குருவிகுளம் ஒன்றியத்தில் ஒரு சிற்றூரின் மேட்டுக் காட்டுக்கு எது பொருந்தும் என்பதை அந்த ஊரார்தாம் சொல்ல வேண்டும். இரண்டு அறிவும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பைக் கிராமமே கூட்ட வேண்டும் என்பது நம் கருத்து.

கேள்வி ஊருடையதாக இருக்கட்டும்

வீடு கட்டுபவர் கொத்தனாரிடம், “உமக்குத் தோன்றியதைக் கட்டும்” என்று சொல்வதில்லை. எத்தனை அறை, எந்தப் பக்கம் வாசல், எந்த மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று கூறுகிறார். இடையிடையே போய்ப் பார்க்கிறார். மாணவர் குழுவிடமும் இம்முறையே வேண்டும். அவர்கள் வந்த முதல் வாரத்திலேயே ஊர் தன் கேள்வியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

“எங்கள் ஊருக்கு ஏதாவது செய்யுங்கள்” என்பது கேள்வியாகாது. “விவசாயம் நலிந்துவிட்டது, காரணம் என்ன?” என்பதும் எட்டு வாரத்துக்குள் அடங்காது. மாணவரால் செய்யக்கூடியதும், ஊருக்குப் பயன்படக்கூடியதும், அளந்து அறியக்கூடியதுமான ஒரு கேள்வி வேண்டும். சில மாதிரிகளைக் கூறுவோம்.

ஊரில் மண் பரிசோதனை செய்துகொண்டவர் எத்தனை பேர்? செய்துகொண்டவருள் அந்தச் சிபாரிசுப்படி உரமிட்டவர் எத்தனை பேர்? இடாதவர் ஏன் இடவில்லை?

கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் ஓடை எந்தெந்த இடங்களில் தூர்ந்திருக்கிறது? அவற்றை வரைபடத்தில் குறித்துத் தர முடியுமா?

உளுந்தை ஊரிலேயே சுத்தம் செய்து தரம் பிரித்து விற்றால், செலவு போகக் கூடுதலாக என்ன கிடைக்கும்?

கேள்வியைத் தேர்வதில் பருவத்தையும் கவனிக்க வேண்டும். மாணவர் புரட்டாசியில் வந்தால் விதை, விதைப்பு, முளைப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேட்கலாம். தை, மாசியில் வந்தால் அறுவடை, உலர்த்தல், சேமிப்பு, விற்பனை ஆகியவை பொருந்தும். வயலில் பயிரே இல்லாத காலத்தில் பூச்சியைப் பற்றிக் கேட்டால், மாணவர் பிறர் சொன்னதை எழுதுவாரேயன்றித் தாமே கண்டதை எழுத இயலாது.

வாயால் சொல்ல வேண்டுவது ஏன்?

எழுத்து மூலம் அறிக்கை வரும்போது வாய்மொழி எதற்கு என்று சிலர் கேட்கலாம். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவதாக, எழுதிய அறிக்கையைக் குடியானவர் படிப்பதரிது. பல சமயங்களில் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. வாயாற் சொல்லும்போது மாணவர் தமிழில், ஊராருக்கு விளங்கும் சொற்களில் சொல்லியாக வேண்டும். ‘தழைச்சத்து’ என்று சொன்னால் விளங்காதவருக்கு ‘யூரியாவில் இருப்பது’ என்று சொல்ல வேண்டி வரும். இவ்வாறு எளிமைப்படுத்தும்போது, தமக்கே தெளிவில்லாத பகுதி எது என்பதை மாணவரும் உணர்வர்.

இரண்டாவதாக, சபையில் சொன்ன செய்தியை அங்கேயே சோதிக்கலாம். ஒருவர் சொன்னதை மற்றொருவர் திருத்துவார்; மூன்றாமவர் விட்டுப்போனதைச் சேர்ப்பார். ஒரு குடியானவர் தனியே கூறியது ஊர் முழுவதற்கும் உண்மையா என்பது சபையில்தான் வெளிப்படும்.

மூன்றாவதாக, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சொல்வதால் பிழையைத் திருத்த நாள் இருக்கிறது. முடிவில் கேட்கும் அறிக்கையால் நாம் பாராட்டலாம் அல்லது குறை கூறலாம், வேறொன்றும் செய்வதற்கில்லை. நடுவில் கேட்கும் அறிக்கையோ வேலையின் போக்கையே மாற்ற வல்லது. எனவே எல்லாக் கூட்டங்களிலும் இடைக்காலக் கூட்டமே மிக முக்கியமானது என்பதை வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நான்கு கூட்டங்கள்

எட்டு வாரங்கள் தங்கும் குழுவுக்கு நான்கு கூட்டங்கள் போதுமானவை.

முதற் கூட்டம், முதல் வாரத்தின் இறுதியில். இதில் ஊர் பேச வேண்டும். மாணவர் கேட்க வேண்டும். கேள்வி முடிவாக வேண்டும். குழுவில் யார் எந்த வேலையைச் செய்வார் என்பதும், ஊரின் சார்பில் அவர்கள் யாரை அணுகலாம் என்பதும் தீர்மானமாக வேண்டும்.

இரண்டாம் கூட்டம், மூன்றாம் வாரத்தில். மாணவர்கள் ஊரைப் பற்றித் தாம் அறிந்ததைக் காட்டுவர். வேளாண்மை மாணவர் கையாளும் ‘ஊரகப் பங்கேற்பு மதிப்பீடு’ என்னும் முறை இங்கே உதவும். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் இம்முறை வளர்ந்த நாடுகளுள் நம் இந்தியா முதன்மையானது. இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் அறிஞர் இதனை உலகெங்கும் எடுத்துச் சென்றார். ஊராரே தரையில் தம் ஊரை வரைதல், வயல்களின் குறுக்கே நடந்து மண்ணையும் பயிரையும் குறித்தல், எந்த மாதத்தில் வேலை, எந்த மாதத்தில் கடன், எந்த மாதத்தில் நோய் என்று பருவ நாட்காட்டி அமைத்தல் ஆகியவை இதன் உறுப்புகள். வரைகோலை ஊரார் கையில் கொடுப்பதே இம்முறையின் உயிர்நிலை. மாணவரே வரைந்து, ஊரார் வேடிக்கை பார்த்தால் அது வெறும் கோலமாகவே முடியும்.

மூன்றாம் கூட்டம், ஐந்தாம் வாரத்தில். இதுவே நாம் மேலே கூறிய இடைக்காலக் கூட்டம். இதுவரை கண்டது என்ன, காண முடியாதது என்ன, எஞ்சிய நாட்களில் செய்யப் போவது என்ன என்ற மூன்றையும் மாணவர் சொல்ல வேண்டும்.

நான்காம் கூட்டம், புறப்படுமுன். முடிவுகளையும், அவற்றின்படி ஊர் செய்யத்தக்கவற்றையும் கூற வேண்டும். தமிழில் எழுதிய சுருக்கம் ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் மாணவர் பேச 15 நிமிஷம், ஊரார் கேட்க 30 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்கும் நேரம் பேசும் நேரத்தைவிட அதிகமாக இருப்பது நலம். குழுவில் பேச்சு வல்லவர் ஒருவரே எல்லாவற்றையும் சொல்லி முடிக்காமல், அவரவர் செய்த வேலையை அவரவரே சொல்ல வேண்டும். அப்போதுதான் வேலை செய்தவர் யார் என்பது விளங்கும்.

ஓர் உதாரணம்

பின்வருவது நடந்த நிகழ்ச்சியன்று. முறையை விளக்கும்பொருட்டு நாம் அமைத்த உதாரணம். திருவேங்கடம் பகுதியில் ஒரு கிராமம், மக்காச்சோளப் படைப்புழுவைப் பற்றிய கேள்வியை ஐந்து மாணவர் கொண்ட குழுவிடம் ஒப்படைப்பதாகக் கொள்வோம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இப்புழு 2016இல் ஆப்பிரிக்காவிலும், 2018இல் இந்தியாவிலும் காணப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கியது. ஊரின் கேள்வி இது: “மருந்துக்கு இவ்வளவு செலவழித்தும் புழு ஏன் அடங்கவில்லை? எந்த இடத்தில் தவறுகிறோம்?”

இடைக்காலக் கூட்டத்தில் மாணவர் கூறுகின்றனர்: “40 வயல்களைப் பார்த்தோம். அவற்றுள் 31 வயல்களில், இலையில் பெரிய ஓட்டைகளைக் கண்டபின்பே மருந்து அடித்திருக்கிறார்கள். முட்டை 2, 3 நாளில் பொரித்துவிடும். புழு குருத்துக்குள் புகுந்தபின் இலை மேல் படும் மருந்து அதைச் சேர்வதில்லை. கடைசி உழவில் வேப்பம் பிண்ணாக்கு இட்டவரும், ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்தவரும் மிகச் சிலரே.”

செய்தி தெளிவாகவே இருக்கிறது. ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுகிறார்: “தம்பி, நீங்கள் பார்த்த வயலெல்லாம் ரோட்டோரம், கிணற்றுப் பாசனம். மழைக்கு முன்னே விதைத்த மேட்டுக் காட்டுப் பக்கம் வரவே இல்லையே?” அடுத்து ஓர் அம்மையார், “பொறி வைக்கலாம் என்று எங்களுக்கும் தெரியும். விதைக்கிற வாரத்தில் அது கிடைப்பதில்லை” என்கிறார்.

இந்த இரண்டு சொற்களும் வேலையையே மாற்றிவிடுகின்றன. மாணவர் எஞ்சிய மூன்று வாரங்களில் மேட்டுக் காட்டையும் பார்க்கின்றனர். முந்தி விதைத்த வயலுக்கும் பிந்தி விதைத்த வயலுக்கும் உள்ள வேற்றுமையை எண்ணுகின்றனர். பொறியும் பிண்ணாக்கும் விதைப்புக்கு முன்னரே ஊருக்கு வந்து சேரும்படி, தேவையான அளவைக் கணக்கிட்டு வேளாண்மை அலுவலருக்கு மனு எழுத உதவுகின்றனர். இடைக்காலக் கூட்டம் இல்லாதிருந்தால், “விவசாயிகளுக்கு விழிப்புணர்வு போதாது” என்ற ஒற்றை வரியோடு அறிக்கை முடிந்திருக்கும். குறை விழிப்பில் மட்டும் இல்லை, பொருள் வந்து சேரும் நாளிலும் உண்டு என்பதைச் சபையே வெளிப்படுத்தியது.

ஊரார் கேட்கத்தக்க கேள்விகள்

படித்தவர் முன் கேள்வி கேட்கத் தயங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அத்தயக்கம் வேண்டியதில்லை. பின்வரும் ஐந்து கேள்விகளை எந்தக் குழுவிடமும் எந்தப் பொருளைப் பற்றியும் கேட்கலாம்.

1. எத்தனை பேரில் எத்தனை பேர்? ‘பெரும்பாலோர்’ என்று சொன்னால் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும்.

2. யாரைக் கேட்டீர்கள்? எல்லாத் தெருக்களுக்கும், குக்கிராமங்களுக்கும், காலனிக்கும் சென்றீர்களா? பெண்களையும், நிலமில்லாக் கூலியாட்களையும் கேட்டீர்களா?

3. நீங்களே கண்டது எது? பிறர் சொன்னது எது?

4. இதைச் செய்தால் ஏக்கருக்குச் செலவு என்ன? வேலையாள் எத்தனை?

5. நீங்கள் சென்றபின் இதைத் தொடர்ந்து கவனிப்பவர் யார்?

இரண்டாம் கேள்வி சிறப்பான கவனத்துக்கு உரியது. ஐந்து மாணவர் நாளொன்றுக்கு நான்கு வீடு வீதம் பத்து நாள் சென்றால் 200 வீடுகளைப் பார்த்துவிடலாம். ஒரு சிற்றூருக்கு இது பெரிய தொகையே. ஆனால் அந்த 200 வீடுகளும் பிரதான வீதியிலேயே இருந்தால், அறிக்கை பாதி ஊரின் அறிக்கையாகவே இருக்கும். களையெடுப்பவரும் கதிர் ஒடிப்பவரும் பெரும்பாலும் பெண்கள். பூச்சியை முதலிற் காண்பவரும் அவர்களே. அவர்கள் வேலையிலிருந்து திரும்பும் நேரத்தை அறிந்து கூட்டத்தை மாலையில் வைப்பது பஞ்சாயத்தாரின் பொறுப்பு.

பஞ்சாயத்து செய்ய வேண்டுவன

பஞ்சாயத்துகளுக்கு இவ்வேலையில் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் சேர்க்கப்பெற்ற 11ஆம் அட்டவணை, பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது வேளாண்மை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. மாணவர் தங்கும் காலத்தில் இந்நாட்களுள் ஒன்று வருமாயின், அவர்தம் அறிக்கையை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாம். வராவிடில் தனியே ஒரு கூட்டம் வைக்கலாம். திருவேங்கடம் ஊர் பேரூராட்சியாதலால் கிராம சபை அதற்குப் பொருந்தாது. அங்கே விவசாயிகள் சங்கக் கூட்டத்தையோ, உழவர் உற்பத்தியாளர் குழுக் கூட்டத்தையோ பயன்படுத்தலாம். சுற்றியுள்ள கிராமப் பஞ்சாயத்துகளுக்குச் சபையே தக்க இடம்.

மாணவர் சொன்னதன் சாரத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் வகுக்கும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு அது மூலப்பொருளாகும். ஓடை தூர்ந்த இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தால், வேலைத் தீர்மானம் எழுதுவது எளிது. அடுத்த ஆண்டு வேறொரு குழு வரும்போது, பழைய சுருக்கத்தை அவர்கள் கையில் கொடுத்து, “இதற்கு மேல் தொடருங்கள்” என்று சொல்ல வேண்டும். இல்லையேல் ஒவ்வோர் ஆண்டும் அதே ஊர்ப்படம், அதே கேள்விகள், அதே விடைகள் என்று வேலை வட்டமிட்டுக்கொண்டே இருக்கும்.

மாணவருக்கும் நாம் சிலவற்றைச் செய்தாக வேண்டும். மாணவிகள் தங்கப் பாதுகாப்பான இடம், குடிநீர், கழிப்பிட வசதி ஆகியவை இன்றியமையாதவை. அலுவலகப் பதிவேடுகளை எழுதுவதற்கோ, ஊர்வலத்துக்கு ஆள் சேர்ப்பதற்கோ அவர்களைப் பயன்படுத்தலாகாது. ஒரு கட்சிக்கோ ஒரு சாதிக்கோ உரிய விருந்தினராக அவர்களை ஆக்கிவிடவும் கூடாது. மற்றொன்றும் கூறுவோம். ஒரு குடும்பத்தின் கடன், நோய், வருமானம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சபையில் வெளியிடலாகாது. “இத்தனை குடும்பங்களுக்குக் கடன் உண்டு” என்று தொகையாகச் சொல்வதே முறை. இதனை முதற் கூட்டத்திலேயே தெரிவித்துவிட்டால், ஊரார் அச்சமின்றி உண்மையைச் சொல்வர்.

பிற நாடுகளின் அனுபவம்

வேலை கொடுத்தவரின் முன்னிலையில் மாணவர் முன்னேற்றத்தை எடுத்துரைக்கும் வழக்கம் பிற நாடுகளிலும் பயன் தந்திருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஹார்வி மட் கல்லூரி 1963இல் ‘கிளினிக்’ என்னும் முறையைத் தொடங்கியது. மருத்துவ மாணவர் நோயாளியிடம் கற்பது போல, பொறியியல் மாணவர் ஒரு தொழிற்சாலையின் உண்மையான பிரச்சினையில் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சில மாணவர் கொண்ட குழு ஒரு கல்வியாண்டு முழுவதும் அந்த ஒரு வேலையை எடுத்துச் செய்கிறது. இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995இல் தோன்றிய ‘எபிக்ஸ்’ என்னும் திட்டத்தில், மாணவர் குழுக்கள் தம் சமூகத்திலுள்ள சேவை நிலையங்களின் தேவைகளுக்கு வேலை செய்கின்றன. அங்கே மூத்த மாணவர் சென்றாலும் இளைய மாணவர் அதே வேலையைத் தொடரும்படி குழு அமைகிறது. ஒரு வேலை ஆண்டு கடந்தும் அறுபடாமல் தொடர்வதற்கு இது நல்ல ஏற்பாடு.

அங்கே தொழிற்சாலை கட்டணம் கொடுத்து வேலை வாங்குகிறது. நம் கிராமம் பணம் கொடுப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் தன் காலத்தையும், வயலையும், தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவையும் கொடுக்கிறது. இவற்றுக்கு ஈடாகக் கணக்குக் கேட்க அதற்கு முழு உரிமை உண்டு.

முடிவுரை

மாணவருக்கும் இதனால் நன்மையே. நாளை வேளாண்மை அலுவலராகவோ, வங்கி அதிகாரியாகவோ, பொறியாளராகவோ அவர்கள் நம்மிடமே வருவர். குடியானவர் முன் நின்று, விளங்கும்படி பேசி, குறுக்குக் கேள்விக்கு விடை சொல்லி, “இதை இன்னும் பார்க்கவில்லை, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறோம்” என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளும் பழக்கத்தை அவர்கள் இளமையிலேயே பெற்றால், பிற்காலத்தில் நாட்டுக்கு நல்ல ஊழியர் கிடைப்பர். அப்பயிற்சியை அளிக்கும் பள்ளியாகக் கிராம சபை விளங்கக்கூடும்.

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்களையும் விவசாயப் பெருமக்களையும் நாம் வேண்டிக்கொள்வது இதுதான். அடுத்த மாணவர் குழு உங்கள் ஊருக்கு வருமுன் ஊரின் கேள்வி ஒன்றைத் தேர்ந்து வைத்திருங்கள். அவர்கள் வந்த முதல் வாரத்தில் அதை ஒப்படையுங்கள். ஐந்தாம் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பின்வரிசையில் அமர்ந்திருப்பவரையும் பேசச் சொல்லுங்கள். அவர்கள் புறப்படும் நாளில் தமிழ்ச் சுருக்கம் பஞ்சாயத்து அலமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சுருக்கத்தில் உள்ளவற்றுள் ஒன்றையேனும் அடுத்த விதைப்புக்குமுன் செய்து முடிக்கச் சபையில் தீர்மானம் செய்யுங்கள்.